துறைமுகத்தில் ஆழம் இருந்தும் திருகோணமலை ஏன் பெருநகரமாகவில்லை?

கேள்வி: உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது. அலைக்குத் திறந்து கிடந்த கொழும்பு பெருநகரமாகிவிட்டது; திருகோணமலை இன்னும் சிறு பட்டினம். எங்களைத் திட்டமிட்டே வளரவிடவில்லை என்பதுதானே உண்மை?
(வாசகர், உப்புவெளி)

பதில்: முழு உண்மை அல்ல. புறக்கணிப்பும் போரும் நம்மை வருத்தின, மறுக்கவில்லை. ஆனால் கொழும்பு நம்மை முந்தியது அதற்கெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பு. அதைத் தீர்மானித்தது கடலின் ஆழமல்ல, கரைக்குப் பின்னால் கிடந்த நிலம். பள்ளிக்கூடத்தில் 'பின்னிலம்' என்று படித்தோமே, அதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பலில் சரக்கு ஏற்றுவதே பெரும்பாடாக இருந்த இடம் கொழும்பு. ஆனால் அதன் முதுகில் ஈரவலயம் இருந்தது: கறுவா, தென்னை, மேலே மலைநாட்டில் கோப்பி, பிறகு தேயிலை. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது. சரக்கு வந்து குவிந்த பிறகுதான், 1875இல், அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். சென்னைக்கும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1881 புயல் அங்கே கட்டிக்கொண்டிருந்த சுவர்களைச் சிதைத்தது. விடாமல் மறுபடி கட்டினார்கள். சரக்கு இருந்தால் துறைமுகத்தைச் செய்துகொள்ளலாம்.

நமக்குப் பின்னால் இருப்பது உலர்வலயம். மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். குளம் இருந்தால் நெல். குளங்கள் உடைந்து கிடந்த காலத்தில் காடும் மலேரியாவும்தான். வரைபடத்தைப் பார்ப்பவர், மகாவலி 335 கி.மீ. ஓடி நம் கொட்டியாரக் குடாவில்தானே விழுகிறது, மலைநாட்டுச் சரக்கு அதன் வழியே இறங்கியிருக்கலாமே என்பார். மேலே பாறையும் பாய்ச்சலும், கீழே வெள்ளமும் மணல்திட்டும். அதில் சரக்குப் படகு மலையிலிருந்து கடல்வரை வராது. தேயிலை மேற்கே இறங்கியது. திருமலைக்கு ரயில் வந்தது 1927இல், கண்டிக்கு அறுபது வருடம் பிந்தி.

கடல் பக்கமும் நமக்குச் சாதகமில்லை. பாக்கு நீரிணையும் ராமர் அணையும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாதவை. ஆகவே மேற்கிலிருந்து வரும் கப்பல் தேவேந்திரமுனையைத் தெற்கே சுற்றிக்கொண்டு நேரே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கொழும்பு அந்த வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே வரவேண்டுமென்றால் வடக்கே திரும்பி, மீண்டும் இறங்க வேண்டும்.

அப்படியானால் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காக ஏன் அடித்துக்கொண்டார்கள்? வடகீழ்ப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடமில்லை, இங்கே இருந்தது. கடற்படைக்குப் பின்னிலம் தேவையில்லை, அது தன் உணவையும் எண்ணெயையும் கூடவே கொண்டுவரும். சீனக்குடாவைச் சுற்றி இன்று நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்பவை, போர்க்கப்பலுக்காகக் கட்டியவை. வணிகத்துக்காக அல்ல. உட்துறைமுகத்தின் நல்ல கரைகளும் படைத்தளத்துக்கே போயின.

மிஞ்சிய நகரம் குன்றுகளுக்கும் குடாக்களுக்கும் இடையே ஒடுங்கிய பூசந்தியில் இருக்கிறது. குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வரவேண்டும். பக்கத்துக் கிண்ணியாவுக்குப் போகவே 2009இல் 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்தோம். அதற்கும் அப்பால் மூதூர். நெல்லும் மீனும் விளையும் இடங்கள் இப்படி நீரால் அறுபட்டுக் கிடந்தால் சந்தை எப்படிப் பெருகும்?

ஆகவே துறைமுகத்தின் ஆழத்தை மேடையில் யாராவது புகழ்ந்தால் கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: எந்தச் சரக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவால் வந்து கப்பலேறப் போகிறது? கந்தளாய்க் குளம் இன்னும் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் தரும்?