இரண்டாம் வரிசைக் குரல் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. கலை அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டும் இரவு விருந்தில் அவளுடைய சேர்ந்திசைக் குழு பாடியது. 40 பிள்ளைகள், அவள் இரண்டாம் வரிசை. ஆறு மணிக்கே வரச்சொன்னார்கள், மேடையேறும்போது எட்டேகால். செல்பேசியில் பதிவுசெய்ததை எத்தனை முறை கேட்டும் அவள் குரல் தனியாகத் தெரியவில்லை. வாயை மட்டும் அசைத்தாளோ? பியானோ இல்லாமல் தொடங்கிய இரண்டாம் பாட்டில், கடைசியில் பியானோ சேர்ந்தபோது எதுவும் ஒட்டவில்லை. அவளை முன்வரிசையில் நிறுத்தச் சொல்லலாமா? தனி வகுப்பில் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முன்வரிசை கேட்காதீர்கள். வரிசை பெரும்பாலும் உயரத்தைப் பார்த்துப் போடுவது. தனி வகுப்பை அவளே கேட்டால் பார்க்கலாம்.

நாற்பது பேரில் உங்கள் பெண்ணின் குரல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டிருந்தால் ஆசிரியர் முகம் சுளித்திருப்பார். கேட்கவில்லை என்றால் பக்கத்துக் குரலோடு கலந்துவிட்டாள், அவ்வளவுதான். செல்பேசியை நம்பி குழந்தையைச் சந்தேகப்படுவது அநியாயம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். கூடத்துக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் பாடுகிறவளைவிட உங்கள் மேசையில் தட்டில் உரசும் கரண்டிதான் அந்தக் கருவிக்குப் பெரிய பாடகி. பிள்ளை பாடும்போது செல்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள், இல்லையா? ஆசிரியரைப் பார்க்க வேண்டிய கண் உங்களைத் தேடியிருக்கும்.

பியானோ ஒட்டவில்லை என்றீர்களே, அதைத்தான் பேசவேண்டும். விருந்துக்கூடங்களில் பிள்ளைகளைப் பாடவைப்பது பற்றிக் கொஞ்ச நாளாகவே எரிச்சலில் இருக்கிறேன். சுருதி இறங்கியதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். கம்பளம், திரைச்சீலை, மேசைவிரிப்பு, முந்நூறு பேரின் உடுப்பு எல்லாம் ஒலியைக் குடிக்கும், அதிலும் உயர்ந்த அதிர்வெண்களைத்தான் முதலில். ஒத்திகை அறையில் சுவர் திருப்பித் தந்த ஒலி இங்கே வராது. பக்கத்தில் நிற்பவள் பாடுவதே காதில் விழாததால் ஒவ்வொரு பிள்ளையும் தொண்டையை அழுத்துகிறது. அழுத்திக் களைத்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. அரைச்சுரம் இறங்கிய இடத்தில் பியானோ சேரும், குட்டு உடையும்.

அப்போது ஏற்பாட்டாளர் என்ன செய்வார்? முன்வரிசைக் குழந்தை ஒன்றின் கையில் மைக்கைக் கொடுப்பார்! நாற்பது பேர் ஒருத்தியாகிவிடுவார்கள். மைக் முன்வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னால், பின்வரிசைத் தலைகளுக்கும் மேலே, கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கவேண்டும். பதினைந்து இருபது பேருக்கு ஒன்று போதும். பாடுகிறவரிடமிருந்து மைக் ஒரு மீட்டர் என்றால், அடுத்த மைக் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. நெருக்கிவைத்தால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாகப் புகுந்து, கூட்டொலி குழாய்க்குள் பாடியதுபோல் ஆகும். பாடுகிறவர்கள் கேட்பதற்காகப் பிள்ளைகளுக்கு எதிரே வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியில் பியானோ மட்டும் போகட்டும். அவர்கள் குரலையே அதில் விட்டால் ஊளையிடும்.

வரிசையை அரைவட்டமாக வளைத்தால் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று கேட்கும். தோளோடு தோள் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் தன் குரல் தனக்குக் கேட்கும். பின்னால் திரைச்சீலைக்குப் பதில் கெட்டியான பலகைகள் நிற்கட்டும். விருந்து பரிமாறும் முன்பே மூன்று பாட்டு, பன்னிரண்டு நிமிடம், முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும்.

அந்த இரண்டேகால் மணிநேரம்தான் எனக்கு ஆறவில்லை. அதே கூடத்தில் பத்து நிமிட ஒலிச்சோதனை, பத்து நிமிடக் குரல் பயிற்சி, ஒரு வாய்த் தண்ணீர்: முக்கால் மணிநேரம் முன்னால் வந்தால் தாராளம். மிச்ச நேரமெல்லாம் நடைவழியில் நின்று, கத்திப் பேசி, குரலைச் செலவழித்திருப்பார்கள். முழங்காலை விறைத்து வெகுநேரம் நின்றால் இரத்தம் காலில் தேங்கும். மேடையில் ஒரு பிள்ளை மயங்கி விழுவது பெரும்பாலும் அதனால்தான். முழங்காலைத் தளர்த்தி நிற்க உங்கள் பெண்ணுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த முறை ஏற்பாட்டாளரிடம் எதையாவது கேட்டே தீருவது என்றால், முன்வரிசை வேண்டாம். மேடைக்குப் பின்னால் 40 நாற்காலி கேளுங்கள்.