கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட்: டூ-இன்-ஒன் லினக்ஸ் கேள்வி பதில்

திரையைத் தனியே கழற்றினால் டேப்லெட், கீபோர்டில் மாட்டினால் லேப்டாப். இந்த ரகத்தில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போடுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து வந்து குவிந்துவிட்டது. காரணம் தெரிந்ததுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் பிராசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. அதனால் நல்ல திரையும் நல்ல பேனாவும் உள்ள பழைய மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் வந்து விழுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உபுண்டு, ஃபெடோரா என்று பல ரகம் உண்டு, ஆனால் எந்த லினக்ஸ் என்பதைவிட எந்த மாடல் என்பதுதான் இங்கே விஷயம். சாதாரண லேப்டாப்பில் எதைப் போட்டாலும் அநேகமாக ஓடிவிடும். டூ-இன்-ஒன்னில் டச், பேனா, சுழற்சி சென்சார், கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும். மாடல் பெயர் எழுதாமல் கேட்டவர்கள் மன்னிக்கவும், அவற்றை எடுக்கவில்லை.

காரைக்குடி, பொறியியல் மாணவர்: அண்ணே, சர்ஃபேஸ் புரோ 4 ஒன்று விலைக்கு வருகிறது. உபுண்டு போட்டால் டச் வருமா? வாங்கும்போது என்ன பார்க்கணும்?

வெறும் உபுண்டு போட்டால் திரை, கீபோர்டு, வைஃபை வரும். டச் வராது தம்பி. 2015-இல் வந்த அந்த மாடலில் டச்சும் பேனாவும் இன்டெல்லின் ஐபிடிஎஸ் முறையில் ஓடுகின்றன. விரல் எங்கே பட்டது என்பதைத் திரையில் உள்ள சிப் கணக்குப் போட்டுச் சொல்லாது. அளந்ததை அப்படியே பிராசசர் பக்கம் தள்ளிவிடும். அந்தக் கணக்கை யாராவது போட்டாக வேண்டும். 'லினக்ஸ்-சர்ஃபேஸ்' என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் தரும் கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) 'ஐபிடிஎஸ்டி' என்ற சின்ன புரோகிராமும் சேர்ந்து அதைச் செய்கின்றன. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் இருக்கிறது. செக்யூர் பூட் என்ற, நம்பகமான சாவி உள்ளதை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பை அணைக்காமல் போடுவதானால் அவர்களுடைய சாவிப் பேக்கேஜையும் சேர்த்துப் போடு. மறுமுறை ஆன் செய்யும்போது நீல நிறத் திரை வந்து சாவியைச் சேர்க்கவா என்று கேட்கும். பயந்து அணைத்துவிடாதே, சேர்த்துவிடு. பாஸ்வேர்டு 'சர்ஃபேஸ்', ஆங்கிலச் சின்ன எழுத்தில்.

வாங்கும் இடத்தில் இரண்டு காரியம் செய். மெஷினைச் சமமான மேஜையில் படுக்க வைத்துத் திரையின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார். ஒரு மூலை தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். திரை பசை போட்டு ஒட்டியது, கழற்றும்போதே விரிசல் விட வாய்ப்பு அதிகம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அடுத்து, அரைமணி நேரமாவது வீடியோ ஓடவிட்டுச் சூடாக்கு. இந்த மாடலில் சூடானதும் திரை நடுங்கும் கோளாறு ஊரறிந்தது, 2018-இல் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. அது ஹார்டுவேர் கோளாறு. லினக்ஸ் போட்டால் போகாது.

பென்டிரைவில் லைவ் லினக்ஸ் (நிறுவாமலே ஓடுவது) கொண்டுபோனால் இன்னும் நல்லது. வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்தியபடி பவரை ஒரு தட்டுத் தட்டினால் பென்டிரைவிலிருந்து ஏறும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேமராவை மட்டும் நம்பாதே. அதை இயக்க 'லிப்கேமரா' இருக்கிறது, படம் வரும். ஆனால் வீடியோ கால் செய்யும் ஆப்கள் எல்லாம் அதை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

இந்த வம்பே வேண்டாம் என்றால் திங்க்பேட் யோகா வரிசையைப் பார். திரை கழறாது, பின்பக்கமாக முழுக்க மடங்கும். டச்சும் பேனாவும் வாக்கம் (Wacom) கம்பெனி ரகம் என்பதால் எந்தத் தனிக் கெர்னலும் இல்லாமல் ஓடும். என்னைக் கேட்டால் அதுதான் நிம்மதி.

தேவகோட்டை, ஆசிரியை: சார், விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸும் போட விரும்புகிறேன். பள்ளிக்கூட ஃபைல்கள் எதுவும் போய்விடக் கூடாது.

டீச்சர், பார்ட்டிஷனைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவியை எடுத்து வையுங்கள். டேப்லெட் ரகங்களில் பல, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே டிஸ்க்கைத் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது. செக்யூர் பூட்டில் கைவைத்தீர்களானால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க எண்ணைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுங்கள், அந்த மெஷினிலேயே சேமித்து வைத்துப் பயனில்லை.

அப்புறம் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை அணைத்துவிட்டு, டிஸ்க்கைச் சுருக்குவதையும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். ஃபைல்களுக்குத் தனியே ஒரு நகல் வெளி டிஸ்க்கில் கட்டாயம்.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டுக்கு இடைவெளி ஐந்தரை மணி. லினக்ஸில் 'உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

கல்லல், கல்லூரி மாணவி: பள்ளியில் தந்த அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்திருக்கிறேன். அதையே போடலாமா?

பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாக வைத்துச் செய்தது. லேப்டாப்புக்குச் சரி. டச் திரைக்குப் புதிய கெர்னலும் புதிய நோம் அல்லது கேடிஇ டெஸ்க்டாப்பும் வேண்டும். அதற்கு ஃபெடோரா அல்லது உபுண்டு போடம்மா.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை நடத்துபவர்: மகன் பேனாவோடு ஒரு டூ-இன்-ஒன் வாங்கித் தந்திருக்கிறான். புதுப் பூ டிசைன்களை அதில் வரைய முடியுமா? இப்போது தாளில் வரைந்துதான் கல் வார்க்கும் அச்சு செய்யக் கொடுக்கிறோம்.

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அண்ணே. முடியும், காசு கொடுத்து எதுவும் வாங்கவும் வேண்டாம்.

முதலில் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளைப் போடுங்கள். திறந்ததும் டபிள்யூ எழுத்தைத் தட்டினால் நீங்கள் வரையும் சதுரம் நாலாபக்கமும் திரும்பத் திரும்பத் தெரியும். வலது ஓரத்தைத் தாண்டி இழுத்த கோடு இடது ஓரத்திலிருந்து உள்ளே வரும். ஒரு கல்லில் வரைகிறீர்கள், பட்டாலை முழுக்கப் பதித்தால் எப்படி இருக்கும் என்று கண்ணெதிரே தெரிகிறது. ஓரத்தில் இதழ் ஒட்டாமல் நின்றால் அந்த நிமிஷமே பிடிபட்டுவிடும்.

நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ என்று வருமே, அந்த ரகத்துக்கு கிரிட்டா போதாது. கல்லைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். அங்கே இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு இலவச வரைகலை மென்பொருள். அதில் 'டைல்டு குளோன்ஸ்' என்று ஒரு வசதி. ஒரு கல்லை வரைந்துவிட்டால் தள்ளி வைப்பது, திருப்பி வைப்பது, கண்ணாடி போலக் கவிழ்த்து வைப்பது எல்லாவற்றையும் அதுவே செய்யும். தளத்தில் ஒரு கோலத்தைத் திரும்பத் திரும்ப நிரப்ப மொத்தம் 17 வழிகள்தான் உண்டு என்பது கணிதத்தில் நிரூபணமானது. அந்த 17-ம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூலக் கல்லில் ஒரு கோட்டை மாற்றினால் பரப்பிய கல் அத்தனையிலும் மாறும். தாளில் இதற்கு அரைநாள் ஆகும்.

பேனாவின் அழுத்தம் லினக்ஸில் நன்றாகவே கிடைக்கும். கையைத் திரையில் ஊன்றி வரையும்போது, பேனா அருகில் இருக்கும்வரை விரல் தொடுவதை லினக்ஸ் கண்டுகொள்ளாது. பேனா முனைக்கும் கோட்டுக்கும் நூலளவு தள்ளி வந்தால் நோம் செட்டிங்ஸில் வாக்கம் பகுதியில் சரிசெய்துகொள்ளலாம்.

கல் அச்சு செய்பவரிடம் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்க்ஸ்கேப்பில் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டு, எட்டு அங்குலக் கல்லுக்கு 203.2 என்று போட்டு வரையுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கணக்குக்கு அடங்கும், ஆனால் பிரின்டர்கள் ஓரத்தில் சில மில்லிமீட்டர் விட்டுவிடும். அதனால் 'தாளுக்குள் அடக்கு' என்பதைப் பிரின்ட் கடைத் தம்பி பழக்கதோஷத்தில் அழுத்துவார், கல் சுருங்கிப்போகும். ஏ3 தாளில் நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். தாள் வந்ததும் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டே கொடுங்கள்.

கானாடுகாத்தான், பழைய வீட்டில் விருந்தினர் தங்குமிடம் நடத்துபவர்: முகப்பில் வைத்து விருந்தினர் விவரம் பதியப் பயன்படுத்துகிறோம். திரையை நேராகப் பிடித்தால் படம் தலைகீழாகிறது. இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோனால் வைஃபையும் போய்விடுகிறது. லினக்ஸால்தானா?

முதலாவது லினக்ஸால்தான், இரண்டாவது உங்கள் முப்பாட்டனார் கட்டிய சுவரால்.

சாய்வைச் சொல்லும் சென்சாரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு திசையில் பொருத்தியிருக்கும். எந்த மாடலில் எப்படி என்ற பட்டியல் ஒன்று லினக்ஸில் உண்டு. உங்கள் மாடல் அதில் இல்லை, அவ்வளவுதான். டெர்மினலில் 'மானிட்டர்-சென்சார்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையைச் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே என்று அது சொல்வதும் நீங்கள் பிடித்திருப்பதும் முரண்பட்டால், உங்கள் மாடலுக்கு ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். முகப்பை விட்டு நகராத டேப்லெட் என்றால் அந்தப் பாடே வேண்டாம், சுழற்சியைப் பூட்டிவிடுங்கள்.

வைஃபைக்கு, நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை மின்சிக்கனத்தை அணைத்துப் பாருங்கள். இணைப்பு அடிக்கடி அறுபடுவதானால் அது குறையும். அவ்வளவு கனமான சுவர்களைத் தாண்டி உள்கட்டுக்குச் சிக்னல் போக அது போதாது. கேபிள் இழுத்து வளவில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி: தம்பி, பேரன் சிங்கப்பூருக்குப் போகும்போது விட்டுப்போனது சும்மா கிடக்கிறது. லினக்ஸ் போட்டால் தமிழ் படிக்கவும் அவனோடு வீடியோவில் பேசவும் ஆகுமா?

படிக்க நன்றாக ஆகும் ஆச்சி. எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கீபோர்டு மாட்டியிருந்தால் தமிழ்99-இலும் அடிக்கலாம். ஆனால் திரையில் வரும் கீபோர்டில் தமிழ் அடிப்பது இன்னும் உங்கள் போனில் இருக்கும் சௌகரியத்துக்கு வரவில்லை, கேமராவும் மாடலைப் பொறுத்துத்தான். பேரனோடு பேசப் போனே போதும். படிக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல், கடை வைத்திருப்பவர்: 2014 வாக்கில் வாங்கிய இன்டெல் ஆட்டம் (Atom) பிராசசர் டேப்லெட், 2 ஜிபி ரேம், 32 ஜிபி. பென்டிரைவ் போட்டால் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.

பிராசசர் 64 பிட், அதை எழுப்பும் யுஇஎஃப்ஐ (மெஷினுக்குள்ளேயே இருக்கும் துவக்க மென்பொருள்) 32 பிட். அந்தக் கால மலிவு டேப்லெட்டுகளின் தலைவலி இது. டெபியன் 8 முதலே இந்தக் கலப்பை ஆதரிக்கிறது, அதன் வழியில் போங்கள். அதன்பிறகும் டச் வரவில்லையென்றால் பெரும்பாலும் சிலீட் ரகச் சிப்பாக இருக்கும், அதற்குரிய ஃபர்ம்வேர் ஃபைலைத் தேடிப் போட வேண்டும். இவ்வளவும் செய்தபின் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் 2 ஜிபி மூச்சு முட்டும். பிடிஎஃப் படிக்க, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம். பில் போட வேண்டாம்.

காரைக்குடி, கணக்குப் பார்ப்பவர்: டேலி ஓடுமா?

டேலி விண்டோஸுக்கானது. அந்த மெஷினைத் தொடாதீர்கள் சார்.

கோட்டையூர், விற்பனைப் பிரதிநிதி: ஸ்லீப்பில் போட்டுப் பையில் வைத்தால் மதுரை போய்ச் சேர்வதற்குள் சூடாகி, சார்ஜ் பாதியாகிவிடுகிறது.

புதிய டூ-இன்-ஒன்களில் பழைய ஆழ்ந்த தூக்கம் கிடையாது. போனைப் போல அரைத்தூக்கம்தான். எல்லா உறுப்பும் சேர்ந்து அடங்கினால்தான் மின்சாரம் மிச்சமாகும். ஒரு டிரைவர் விழித்திருந்தாலும் பை சூடாகும். ஹைபர்னேட் (இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது) செய்யலாமே என்பீர்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பெரும்பாலான லினக்ஸ் அதைத் தடுத்துவிடும். பஸ் ஏறும் முன் ஷட்டவுன் செய்துவிடுங்கள், எஸ்எஸ்டி இருந்தால் மறுபடி ஏறச் சில நொடிகள்தான்.

சார்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கும் ஊர்ப்பக்கம் பேட்டரிப் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றாலும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் வயதாகிவிடும். நம் சித்திரை வெயிலில் எப்போதும் சொருகியே வைப்பவர்கள், மாடல் இடம் கொடுத்தால் 80 சதவீதத்தில் நிறுத்தும்படி வையுங்கள். சர்ஃபேஸில் யுஇஎஃப்ஐக்குள்ளேயே 50 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு.

காரைக்குடி, வழக்கறிஞர்: கட்சிக்காரர்களின் ஆவணங்கள் இருப்பதால் டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாமா?

பூட்டுங்கள் சார், உங்கள் தொழிலுக்கு அது அவசியம். நிறுவும்போதே கேட்கும், அப்போதே 'ஆம்' சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும் கட்டத்தில் டெஸ்க்டாப் இன்னும் ஏறியிருக்காது. அதனால் திரைக் கீபோர்டும் பொதுவாக வராது. கோர்ட்டுக்குத் திரையை மட்டும் கழற்றிக்கொண்டு போய் அங்கே ஆன் செய்தால் பாஸ்வேர்டு கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். கீபோர்டு உறையையும் சேர்த்தே எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் பையில் ஒரு சின்ன யுஎஸ்பி கீபோர்டு போட்டுக்கொள்ளுங்கள்.