16 வயதில் ஆபத்தான கார்ப் பந்தயத் தடத்தில் தன்னார்வலராகச் சேரலாமா?

அமைப்பாளர்கள் அந்த வயதினரை அனுமதித்தால் சேரலாம், ஆனால் பெற்றோரின் ஒப்புதலும் முறையான பயிற்சியும் இல்லாமல் தடத்தின் ஓரத்தில் நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். 1977ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கயாலாமி தடத்தில், தீப்பிடித்த ஒரு காரை நோக்கித் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடிய 19 வயது மார்ஷல் (தடத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் பணியாளர்) ஒருவர், மேட்டுக்கு அப்பாலிருந்து பாய்ந்துவந்த பந்தய வீரர் டாம் பிரைஸின் காரில் அடிபட்டு இறந்தார். அந்தத் தீயணைப்பான் தலையில் மோதியதில் பிரைஸும் உயிரிழந்தார். உதவத் துடிக்கும் இளம் மனத்தின் அவசரமே இங்கு மிகப் பெரிய ஆபத்து என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆகவே கட்டளை வராமல் தடுப்பைத் தாண்டக் கூடாது. வரும் கார்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. தீயில் உருகும் நைலான் உடைக்குப் பதிலாகப் பருத்தி உடை அணிய வேண்டும். தொடக்கத்தில் அலுவலகப் பணி, நேரப் பதிவு போன்றவற்றைக் கேட்டுப் பெறுங்கள். கொடி காட்டும் பணியைப் பின்னர் அனுபவமுள்ள மார்ஷலின் பக்கத்தில் நின்று பழகலாம்.