சூடாக வந்த பணியாரம்

அன்புள்ள அக்கா,

காரைக்குடியில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்த நாங்கள் பன்னிரண்டு பேர், 2022 கால்பந்து உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இறுதியாட்டத்தைச் சேர்ந்து பார்ப்பதென்று பேசிவைத்து, பள்ளத்தூரில் ஒரு நண்பனின் பூர்வீக வீட்டில் கூடினோம். சனிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் கிளம்பி இரவு காரைக்குடியில் இறங்கினேன். ஞாயிறு பகல் முழுக்க ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றினோம். இரவு வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) இரண்டு தூண்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் போட்டு ஆட்டம் பார்த்தோம். சூடான வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி என்று சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

ஆனால் பழைய நெருக்கம் இல்லை. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளிபரப்பு தாமதமாக வந்ததால் பக்கத்துத் தெருவில் கத்தி முடித்த பிறகுதான் எங்களுக்குக் கோல் விழுந்தது. எல்லாவற்றையும்விட, வீட்டுக்கார நண்பன் பத்து நிமிடம்கூட எங்களோடு உட்காரவில்லை. பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை. கல்லூரியில் கால்பந்துப் பைத்தியமாக இருந்தவன். ஆள் மாறிவிட்டான். திங்கள் விடியற்காலை பல்லவனில் திரும்பும்போது மனசே காலியாக இருந்தது. இதற்கு 400 கிலோமீட்டர் போயிருக்க வேண்டுமா? வயதாக ஆக நட்பு இவ்வளவுதானா?

ர., சென்னை

பி.கு.: மெஸ்ஸியா, மரடோனாவா? நீங்கள் எந்தக் கட்சி?

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் என் அப்பத்தாவின் கல்யாணக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் கணக்கில் கெட்டி. இலை எத்தனை கட்டு, விறகு எத்தனை வண்டி, சமையல்காரர் கூலி எவ்வளவு, பந்தல் பிரித்தவருக்குக் கொடுத்த வேட்டி என்ன விலை, எல்லாம் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் அந்த ஒரு வாரம் என்ன செய்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. கூலி இல்லாத வேலை நோட்டில் ஏறாது. இதைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் சூடான வெள்ளைப் பணியாரம் வந்து சேர்ந்தது.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம். போன் பார்த்தவர்களை விடுங்கள், நீங்களும்தான் பார்த்திருப்பீர்கள். பக்கத்துத் தெரு முந்திக்கொண்டது ஒரு குறையா? கோல் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு, யார் காலிலிருந்து வரும் என்று காத்திருப்பது தனி சுகம். மெஸ்ஸி, மரடோனா பஞ்சாயத்துக்கு என்னிடம் தீர்ப்பு உண்டு. சொன்னால் ஒரு மாதத்துக்கு வேறு கடிதமே வராது, ஆகவே சொல்வதாக இல்லை.

இனி பணியாரம். இது குழிக்கல்லில் ஒரே ஈட்டில் ஏழெட்டு வார்த்து எடுக்கிற பணியாரம் இல்லை. பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, நைசாக அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைக்க வேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவு. அது அடியில் போய், ஓரம் விரிந்து, மேலே எழும்பி வரும். கரண்டியால் எண்ணெயை வாரி அதன் தலையில் விட்டு, திருப்பிப் போட்டு, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அதற்கு வெள்ளைப் பணியாரம் என்று பெயர் இல்லை. வாணலியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடுப்பை விட்டு ஒரு எட்டு நகர முடியாது.

ஆளுக்கு நான்கு என்றாலே பன்னிரண்டு பேருக்கு 48. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் ஒரு பாதி, நடுவர் கூட்டித் தருகிற நிமிடங்களோடு சேர்த்து, யாரோ ஒருவருக்கு அடுப்படியில் ஓடிப்போயிருக்கிறது. ‘சூடாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது, தம்பி? உங்கள் கடிதத்தில் தூண் இருக்கிறது, வேட்டி இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது. ஒரு பெண்கூட இல்லை. சுட்டது நண்பரின் அம்மாவா, மனைவியா, கூலிக்கு வந்த ஆச்சியா? இல்லை, அவரேதான் சுட்டாரா? அங்கே இல்லவே இல்லை என்கிறீர்களே, எங்கே இருக்கிறார் என்று எழுந்து போய்ப் பார்த்தீர்களா?

எம்பாப்பேயின் முதல் கோலுக்கும் இரண்டாவது கோலுக்கும் இடையில் 97 வினாடி. வளவிலிருந்து இரண்டாம் கட்டை (வீட்டின் அடுத்த பகுதியை) தாண்டி அடுப்படிக்குப் போய், சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிற ஆள் இரண்டையும் கோட்டைவிட அது போதும். அந்த இரண்டு கோலுக்கு முன்னால் எண்பது நிமிடமாக பிரான்ஸ் ஒன்றுமே செய்யவில்லை. கால்பந்து தெரிந்த எவரும், சரி, ஆட்டம் முடிந்தது, இப்போது எழுந்து போகலாம் என்று நினைத்திருப்பார்கள். உங்கள் நண்பர் பைத்தியம் தெளிந்து போகவில்லை. விருந்தாளி இலையில் சட்னி தீர்ந்ததைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்புறம் அந்த வீடு. நீங்கள் வரும்போது பெருக்கித் துடைத்துத் திறந்திருந்தது, ஆகவே எப்போதும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். பங்காளி வீட்டில் அறைகள்தான் ஆளுக்கு ஒன்று, வளவு எல்லோருக்கும் பொது. ஒரு பங்காளி சென்னையில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில். ஃபுட்பால் பார்க்க வளவைத் திறக்கிறேன் என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். அந்த மாதக் கடைசியில் நகரத்தார் கும்பிடுகிற பிள்ளையார் நோன்பு வருகிறதே, அப்போது எப்படியும் திறக்கத்தானே போகிறோம், அதற்கு முன்னால் எதற்கு ஒரு தடவை என்று ஒருவராவது இழுத்திருப்பார். வௌவால் புழுக்கையைக் கழுவி, முற்றத்துப் புல்லைப் பிடுங்கி, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். சுவர் இருக்கும்போது எதற்கு வேட்டி கட்டினார் என்று யோசித்தீர்களா? சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு பளபளக்கும், புரொஜெக்டர் வெளிச்சம் அதில் பட்டால் கண் கூசும். முதல் நாள் இரவே போட்டுப் பார்க்காமல் இது யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டு முகப்பிலும் ஒரு ஆட்டம் நடந்தது. 1990, ஜூன் 8. கேமரூன், அர்ஜென்டினா, அந்த உலகக்கோப்பையின் முதல் ஆட்டம். தெருவில் டிவி இருந்த வீடு எங்களுடையது. கறுப்பு வெள்ளைதான். ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவைக்க மாடியில் ஒரு பையன் நின்றான். திண்ணை நிறைந்து வாசலிலும் ஆட்கள். அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆத்தா, அதாவது அம்மா, உள்ளே சுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். என் வேலை செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது.

61-வது நிமிடத்தில் கேமரூனின் கானா பியிக்கை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும்போது முகப்பே இடிந்து விழுந்த மாதிரி சத்தம். ஓடிவந்தால் கோல் முடிந்து, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. தலையால் முட்டி அடித்தவர் ஓமாம் பியிக். வெளியே போனவருடைய சொந்தத் தம்பி. இது அப்பச்சி பேப்பரில் படித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். “அண்ணனைத் துரத்துனான், தம்பி வட்டியோட வாங்கிட்டான்” என்று அப்பத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் இன்னொருவரையும் வெளியே அனுப்பி, ஒன்பது பேரோடு நின்று உலக சாம்பியன் அர்ஜென்டினாவை 1-0 என்று ஜெயித்தார்கள்.

அந்தக் கோலைப் பல வருடம் கழித்து போனில் பார்த்தேன். கோல்கீப்பர் பும்பிதோவின் கையில் பட்டு நழுவி, மெதுவாகக் கோட்டைத் தாண்டுகிறது. இந்தச் சப்பைக் கோலுக்கா தெருவே எழுந்து நின்றது என்று இருந்தது. மறுநாள் அப்பச்சியைப் பார்த்தவர்கள் எல்லாம் “உங்க புண்ணியத்துல பாத்தோம்” என்றார்கள். ஆத்தா கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜெயித்தது யார் என்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் சேர்த்துத்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனசு காலியாக இருந்தது என்பது பொய்யில்லை, அதை நான் கேலி செய்யவில்லை. பெனால்டி எல்லாம் முடிய நள்ளிரவு நெருங்கிவிட்டது. அதன் பிறகு எப்போது தூங்கி எப்போது எழுந்தீர்கள்? அந்த நேரத்து ரயிலில் யாருக்கும் மனசு நிறைந்திருக்காது. ஆனால் இடம் தெரியாமல் தேடியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் பேச்சு நடப்பது கல்யாணத்தன்று இல்லை. மறுநாள், வெளியாட்கள் போன பிறகு, பாத்திரங்களை எண்ணி அறைக்குள் அடுக்கும்போதுதான் நடக்கும். யார் வந்தார்கள், யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். உங்கள் நண்பருக்குக் கை ஓய்ந்த முதல் நேரம் திங்கள்கிழமை காலைதான். அந்த நேரம் நீங்கள் திருச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தீர்கள். ஞாயிறு பகலில் ஆத்தங்குடிக்குப் போய் அந்த ஊர்த் தரைக்கல் பார்க்காவிட்டால் என்ன? அதே கல்தானே அவர் வீட்டுத் தரையிலும் கிடக்கிறது? அந்தப் பகலில் தேங்காய் துருவ உட்கார்ந்திருந்தால் வேண்டிய அளவு பேசியிருக்கலாம்.

சரி, போனது போகட்டும். அவருக்கு போன் போடுங்கள். வாட்ஸாப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பி முடித்துவிடாதீர்கள். வேட்டி யாருடையது, சட்னிக் கறை போனதா, வளவைத் திறக்கக் கூடாது என்று சொன்ன பங்காளி யார் என்று கேளுங்கள். பங்காளிக் கதை ஆரம்பித்தால் சீக்கிரம் முடியாது, சார்ஜரைச் சொருகிக்கொண்டு உட்காருங்கள். மாவு அரைத்தது யார் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா