ரீபூட் செய்யும் முன் ஒரு நிமிடம்: லினக்ஸ் கேள்வி பதில்

சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்குமேல் "ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது, மறுநாள் மறுபடியும் வந்துவிட்டது" என்றே முடிகின்றன. ரீபூட் செய்தால் கோளாறு போகிறதோ இல்லையோ, தடயம் போய்விடுகிறது. ஆகவே இங்கே எல்லாப் பதில்களிலும் முதலில் பார்ப்பது, பிறகுதான் தொடுவது. கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கும்படியே எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சர்வர் சொன்னது. 40 ஜிபி லாக் கோப்பு (நடப்பவற்றைப் பதிவு செய்யும் கோப்பு) ஒன்றை அழித்தேன். அதன்பிறகும், டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லும் டி.எஃப் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. கோப்புகளின் அளவைச் சொல்லும் டி.யூ கொண்டு கூட்டினால் பாதிகூட இல்லை. இரண்டில் எது பொய்?

பதில்: இரண்டும் உண்மையே சொல்கின்றன. டி.யூ அடைவு (ஃபோல்டர்) அடைவாக நடந்து, பெயர் உள்ள கோப்புகளை மட்டும் எண்ணுகிறது. டி.எஃப் நேராக, டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. நீங்கள் ஆர்.எம் என்ற அழிக்கும் கட்டளையைக் கொடுத்தபோது அழிந்தது கோப்பின் பெயர். அந்தக் கோப்பை ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருக்கும் 40 ஜிபியும் டிஸ்க்கிலேயே கிடக்கும்.

திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.ஓ.எஃப் கட்டளைக்குக் கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், 1 ஆகியவற்றை ஒட்டிக் கொடுங்கள். பெயரிழந்தும் உயிரோடு இருக்கும் கோப்புகள் மட்டும் வரும்; எந்தப் புரோகிராம், அதன் எண் என்ன, எவ்வளவு பெரிது என்பது அதே வரியில் இருக்கும். அந்தப் புரோகிராமை, அதாவது பின்னணியில் ஓடும் சர்வீஸை, மறுபடி தொடங்கினால் இடம் உடனே திரும்பிவிடும். பகல் வேளையில் நிறுத்த முடியாத சர்வீஸ் என்றால், பிராக் அடைவுக்குள் அந்தப் புரோகிராமின் எண், அதற்குள் எஃப்.டி, அதற்குள் கோப்பின் எண் என்று ஒரு பாதை இருக்கிறது. ட்ரங்கேட் கட்டளையால் அந்தப் பாதையின் அளவைப் பூஜ்யமாக்குங்கள். சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும், இடமும் கிடைக்கும். இனி ஓடும் லாக்கை ஆர்.எம் செய்யாதீர்கள், முதலிலேயே ட்ரங்கேட் செய்யுங்கள். அதைவிட நல்லது, பழைய லாக்குகளைத் தானாகக் கழிக்கும் லாக்ரொடேட்டை ஒழுங்காக அமைப்பது.

கேள்வி: மேலே கேட்டவன்தான். சொன்னபடி செய்ததில் இடம் வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் "இடமில்லை" என்கிறது. இம்முறை டி.எஃப் 60 சதவீதம்தான் காட்டுகிறது!

பதில்: டி.எஃப் கட்டளையுடன் ஐ என்ற விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே 100 இருக்கும். தீர்ந்தது இடமல்ல, ஐநோடு, அதாவது கோப்பின் விவரங்களைக் குறித்து வைக்கும் பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு வேண்டும். இ.எக்ஸ்.டி4 என்ற கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று. எக்ஸ்.எஃப்.எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை அபூர்வம்.

எங்கோ லட்சக்கணக்கில் பொடிக் கோப்புகள் குவிந்திருக்கின்றன. டி.யூ கட்டளையில் ஐநோட்ஸ் என்ற விருப்பம் உண்டு. எந்த அடைவில் எத்தனை என்று சொல்லிவிடும். இணையதளத்தின் செஷன் கோப்புகள், போய்ச்சேராத மின்னஞ்சல்கள் ஆகிய இரண்டின் மேல்தான் என் முதல் சந்தேகம். நான் பார்த்துக்கொண்ட ஓர் இயந்திரத்தில், நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கருவி) வேலை ஒன்று ஓடும்போதெல்லாம் ஒரு வரி எச்சரிக்கையை அச்சிட்டது. கிரான் அதைக் கடமை தவறாமல் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு மின்னஞ்சலாக அனுப்பியது. நாளுக்கு 1,440 கோப்புகள். அந்தப் பெட்டியை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்க்கவில்லை. டிஸ்க் பாதி காலியாக இருந்த நிலையில் ஒரு நாள் டேட்டாபேஸ் நின்றது.

அழிக்கும்போது ஆர்.எம்முடன் நட்சத்திரக் குறி போட்டால், "பட்டியல் மிக நீளம்" என்று ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) கைவிரித்துவிடும். ஃபைண்ட் கட்டளையின் டெலீட் விருப்பம்தான் இதற்கு ஏற்றது. டெலீட் போடுமுன் அது இல்லாமல் ஒருமுறை ஓட்டி, என்னென்ன சிக்குகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீ கட்டளை 16 ஜிபி நினைவகத்தில் 300 எம்பிதான் மீதம் என்கிறது. ரேம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃப்ரீ என்ற தலைப்பை விட்டுவிட்டு, கடைசிப் பத்தியில் அவெய்லபிள் என்று இருப்பதைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ரேமில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், கோப்புகளைத் தேக்கி வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். அந்தக் கணக்கைச் சரியாகச் சொல்வதற்காகத்தான் 2014-இல் வந்த கெர்னல் 3.14 இந்த மதிப்பைச் சேர்த்தது. தேக்கத்தைக் காலி செய்யும் கட்டளையை மணிக்கு ஒருமுறை கிரானில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் சர்வர் மெதுவாவதைத் தவிர வேறு பலன் இல்லை.

கேள்வி: எங்கள் டேட்டாபேஸ் வாரம் ஒருமுறை நள்ளிரவில் செத்துப்போகிறது. அதன் லாக்கில் ஒரு வரிகூடக் காரணம் இல்லை.

பதில்: காரணம் எழுத அதற்கு அவகாசமே கிடைத்திருக்காது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கே விருப்பம் கொடுத்துக் கெர்னலின் லாக்கை அந்த நேரத்துக்குப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி" என்று ஒரு வரி இருந்தால், கொன்றது கெர்னலின் ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீர்ந்தால் ஒரு புரோகிராமைக் கொல்லும் பகுதி. கண்டெய்னரில் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடுவதாக இருந்தால் வெளியேறும் எண் 137 என்று இருக்கும்: 128-உடன் 9 என்ற கொல்லும் சிக்னலைக் கூட்டியது.

இங்கே பலரும் ஏமாறுவது ஒன்றுண்டு. பலியானவரே குற்றவாளி என்று கருதிவிடுகிறார்கள். கெர்னல் பெரும்பாலும் அந்த நேரத்தில் அதிக நினைவகம் வைத்திருப்பவரைத்தான் கொல்லும். டேட்டாபேஸ் எப்போதுமே நிறைய வைத்திருக்கும். திடீரென்று வந்து கழுத்தை நெரித்தவர் வேறு யாரோ. கெர்னல் லாக்கில் கொலைக்கு முன்னால் ஓர் அட்டவணை இருக்கும்; அப்போது ஓடிய எல்லாப் புரோகிராம்களும் அதில் உண்டு. அதில் ஆர்.எஸ்.எஸ் பத்தியில் இருப்பது, ஒவ்வொன்றும் ரேமில் பிடித்திருக்கும் இடம்; அது பக்கம் என்ற அலகில் இருக்கும், பொதுவாகப் பக்கத்துக்கு 4 கேபி. வாரம் ஒருமுறை, நள்ளிரவு என்று நீங்களே சொல்கிறீர்கள்; வாராந்தரப் பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது?

கேள்வி: லோடு ஆவரேஜ் 60-ஐத் தாண்டிவிட்டது. சிபியு 95 சதவீதம் சும்மா இருக்கிறது. கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தும் சில புரோகிராம்கள் சாகவில்லை. டி.எஃப் தட்டினால் டெர்மினலே உறைகிறது.

பதில்: கடைசி வாக்கியத்தில் விடையையே சொல்லிவிட்டீர்கள். லினக்ஸின் லோடு கணக்கில் சிபியுவுக்குக் காத்திருப்பவை மட்டுமல்ல, டிஸ்க் போன்றவற்றுக்காக எழுப்பமுடியாத உறக்கத்தில் இருப்பவையும் சேரும். 1993-இல் வந்த ஒரு மாற்றத்திலிருந்தே அப்படித்தான். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பி.எஸ் கட்டளையில் நிலை, எண், டபிள்யூசான் ஆகிய பத்திகளைக் கேட்டு வாங்குங்கள். நிலையில் டி ('டிஸ்க்' என்பதன் டி) என்று ஏறக்குறைய அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள். எந்தக் கெர்னல் செயற்கூற்றில் நிற்கிறார்கள் என்பதை டபிள்யூசான் சொல்லும். அங்கே என்.எஃப்.எஸ் (வேறொரு சர்வரின் கோப்புகளை நெட்வொர்க் வழியே தரும் முறை) என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால், எங்கோ ஒரு கோப்புச் சர்வர் மாயமாகிவிட்டது என்று பொருள். டி.எஃப் உறைவதும் அதனால்தான்; அது ஒவ்வொரு மவுண்ட்டாக (இணைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பு முறைமையாக) போய்க் கேட்கிறது. எல் விருப்பம் கொடுத்தால் உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடும்.

என்.எஃப்.எஸ் வழக்கமாக ஹார்டு முறையில் மவுண்ட் ஆகும். சர்வர் திரும்பி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் வேலை எதிர்முனைச் சர்வரையும் இடையிலிருக்கும் நெட்வொர்க்கையும் பார்ப்பது. அது எழுந்தால் எல்லோரும் தாமாகவே எழுந்துவிடுவார்கள். எழாது என்று தெரிந்தால், மவுண்ட்டைக் கழற்றும் யுமவுண்ட் கட்டளையை எஃப் விருப்பத்தோடு, பிறகு எல் விருப்பத்தோடு முயலுங்கள். இதைப் படித்தவுடன் சிலர், சற்று நேரம் கேட்டுவிட்டுக் கைவிடும் சாஃப்ட் முறைக்கு மாறத் துடிப்பார்கள். எழுதும் வேலை நடக்கும் இடத்தில் அது வேண்டாம். பாதி எழுதிய கோப்போடு புரோகிராம் பிழை வாங்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் சாவியைச் சரியாகத்தான் நகலெடுத்தேன். இருந்தும் "பெர்மிஷன் டினைடு" என்கிறது.

பதில்: உங்கள் பக்கம் வரும் செய்தி வேண்டுமென்றே மொட்டையாக இருக்கும். உண்மைக் காரணம் சர்வரின் லாக்கில் இருக்கிறது. "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று அங்கே இருந்தால் அனுமதிகள்தான் சிக்கல். எஸ்.எஸ்.எச் அடைவுக்கு 700, சாவிக் கோப்புக்கு 600: இரண்டிலும் உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி. இதைப் பலரும் செய்துவிட்டு வீட்டு அடைவை மறந்துவிடுகிறார்கள். அது 775 என்று இருந்தால், குழுவில் யாரும் உங்கள் சாவியை மாற்றி வைக்கலாம் என்று சர்வர் மறுத்துவிடும். மறுப்பது சரியும்கூட.

அனுமதிகள் சரி, மிகப் பழைய கருவியிலிருந்து வருகிறீர்கள் என்றால் வேறு கதை. 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்.எச்.ஏ-1 என்ற பழைய முறை கொண்டு ஆர்.எஸ்.ஏ வகைச் சாவி இடும் கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. ஈடி25519 என்ற புதிய வகைச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சர்வரின் எஸ்.எஸ்.எச் அமைப்பை மாற்றினால், எஸ்.எஸ்.எச்.டி கட்டளையின் டி ('டெஸ்ட்' என்பதன் டி) விருப்பத்தால் பிழை பார்த்த பிறகே மறுபடி தொடங்குங்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். சர்வர் இன்னொரு கண்டத்தில் இருந்தது.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். ஏதோ அனுமதிப் பிழை வந்ததால், மூல அடைவிலிருந்து எல்லாவற்றுக்கும் 777 (யாரும் எதுவும் செய்யலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டேன். இப்போது நிர்வாகி உரிமையில் கட்டளைகளை ஓட்டும் சுடோவே வேலை செய்யவில்லை.

பதில்: தம்பி, தரவுகளை நகலெடுத்துக்கொண்டு மறுபடி நிறுவிவிடு. சுடோ ரூட்டின் உரிமையில் ஓடுவதற்கு அந்தக் கோப்பின் மேல் செட்யுஐடி என்ற குறி இருந்தது. நீ கொடுத்த 777 அதைத் துடைத்துவிட்டது. எஸ்.எஸ்.எச் சர்வரும் தன் சாவியை எல்லோரும் படிக்கலாம் என்று கண்டால் அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். ஆர்.பி.எம் குடும்ப (ஃபெடோரா, ரெட் ஹேட் போன்ற) இயந்திரம் என்றால், பேக்கேஜ் கணக்கிலிருந்து அனுமதிகளை மீட்க செட்பெர்ம்ஸ் என்று ஒரு விருப்பம் உண்டு. டெபியன் குடும்பத்தில் (உபுண்டு உட்பட) அப்படி ஒன்று இல்லை. எப்படியும் உன் வீட்டு அடைவுக்குள் இருப்பவற்றின் அனுமதிகள் மீளாது. இதைச் செய்யாத நிர்வாகி அரிது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். இப்போது கணினி ஒன்றரை நிமிடம் யோசித்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

பதில்: எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரி இன்னும் இருக்கிறது, கணினியைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து பார்க்கிறது. ரூட் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து அந்த வரியை நீக்குங்கள். எழுத முடியாது என்றால் மூல அடைவை எழுதும் முறையில் ரீமவுண்ட் செய்துகொள்ளுங்கள். கட்டாயம் இல்லாத டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் என்று சேர்த்துவிட்டால் இனி இப்படி நிற்காது. எஃப்ஸ்டேப்பைத் தொட்ட பிறகு ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் (மவுண்ட் என்பதை எம்.என்.டி என்று மட்டும் தட்டுங்கள்) வெரிஃபை விருப்பத்தை ஓட்டாமல் ரீபூட் செய்யாதீர்கள்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் ஓடுவதில்லை.

பதில்: கிரானுக்கு உங்கள் ஷெல்லின் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல், தெரியாது. கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். கிரான் வரியில் சதவீதக் குறி இருக்கிறதா? தேதியைக் கோப்புப் பெயரில் சேர்ப்பவர்கள் எல்லோரும் விழும் குழி அது. கிரான் அந்தக் குறியைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள்.

கேள்வி: இணையதளக் கோப்புகளை வீட்டு அடைவிலிருந்து எம்.வி கட்டளையால் இடம் மாற்றி வைத்தேன். அனுமதி, உரிமையாளர் எல்லாம் சரி, ஆனாலும் 403 (அனுமதி மறுப்பு) பிழை. எஸ்.இ.லினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பை நிறுத்தினால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: பூட்டு சாவியை ஏற்கவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பீர்களா? எம்.வி செய்யும்போது கோப்பு தன் பழைய முத்திரையையும் சுமந்து வருகிறது. "வீட்டு அடைவைச் சேர்ந்தவன்" என்ற அந்த முத்திரையைக் கண்டு வெப் சர்வரை அண்டவிடாமல் தடுக்கிறது எஸ்.இ.லினக்ஸ். சி.பி கட்டளையால் நகலெடுத்திருந்தால் சேரும் இடத்தின் முத்திரை கிடைத்திருக்கும். எல்.எஸ் கட்டளையைப் பெரிய எழுத்து இசட் விருப்பத்துடன் பாருங்கள், முத்திரை தெரியும். முத்திரையைத் திருத்தும் ரிஸ்டோர்கான் கட்டளையை அந்த அடைவு முழுவதற்கும் ஓட்டிவிட்டு, நிறுத்தியதை மறுபடி இயக்குங்கள்.

கேள்வி: கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை. என்விடியா கார்டு.

பதில்: கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டும் டி.கே.எம்.எஸ் கருவியிடம் ஸ்டேட்டஸ் என்று பார்த்தால், புதிய கெர்னலுக்கு டிரைவர் கட்டப்படவில்லை என்பது தெரியும். டிரைவரைக் கட்டத் தேவையான, புதிய கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் நிறுவப்படாமல் இருந்திருக்கும். கட்டப்பட்டிருந்தும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். கையொப்பம் இல்லாத டிரைவரை அது ஏற்காது.

கேள்வி: வேலை நடுவில் திடீரென்று எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லை, "ரீட் ஒன்லி" என்கிறது. ரீபூட் செய்து, கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே ஓட்டப் போகிறேன். சரிதானே?

பதில்: நில்லுங்கள். கோப்பு முறைமை பிழையைக் கண்டு, மேலும் கெடாமல் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி.மெசேஜ் கட்டளையின் (டி.எம்.இ.எஸ்.ஜி என்று தட்டுங்கள்) கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். ஐ.ஓ பிழை, படிக்க முடியாத செக்டர் என்று இருந்தால் டிஸ்க்கே சாகிறது. எஃப்.எஸ்.சி.கே என்பது டிஸ்க்கில் எழுதும் வேலை. சாகும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருப்பதும் போகலாம். இப்போது படிக்கவாவது முடிகிறது, ரீபூட்டுக்குப் பிறகு அதுவும் முடியாமல் போகலாம். வேறொரு டிஸ்க்கை இணைத்து முக்கியமானவற்றை இப்போதே நகலெடுங்கள். பிறகு டிஸ்க்கின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி, ரீஅலொகேட்டட், பெண்டிங் என்ற இரண்டு வரிகளின் எண்களை எனக்கு அனுப்புங்கள்.