ரோஷ் ஹஷானா விருந்து: உழவர் சந்தையை விடாமல் கடனை விடுவது எப்படி?

கேள்வி: நான் மதுரைக்காரி. கணவர் யூதர். நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிறோம், வீட்டில் கோஷர் (யூத உணவு விதி) முறைதான். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டு இரவும் எங்கள் வீட்டில் 12 பேருக்கு விருந்து. அப்புறம் யோம் கிப்பூர் (நோன்பு நாள்), சுக்கோத் (கூடாரப் பண்டிகை). யூனியன் ஸ்கொயர் உழவர் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்குவது எனக்குப் பிடிக்கும். போன வருடம் எல்லாம் சேர்ந்து 1,400 டாலர் கார்டில் ஏறி, அடைக்க ஆறு மாதம் ஆயிற்று. கார்டு வட்டி 24%. எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். இந்த வருடம் சந்தைப் பக்கமே போக வேண்டாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். 24% வட்டியில் 1,400 டாலரை ஆறு சம தவணையாக அடைத்தால் வட்டி மட்டும் சுமார் 100 டாலர். எந்தத் தட்டிலும் விழாத பணம் அது. முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

இந்த வருடம் பண்டிகை செப்டம்பர் 11 வெள்ளி மாலையே தொடங்கிவிடுகிறது. போன வருடத்தைவிட 11 நாள் முன்னதாக. அதற்குள் உங்களுக்கு மூன்று சம்பளம் வரும். ஒவ்வொன்றிலிருந்தும் 300 டாலர் ஒதுக்கினால் 900. முதல் இரண்டு இரவுக்கு 550, யோம் கிப்பூர் நோன்பு முடிக்கும் சாப்பாட்டுக்கு 150, சுக்கோத்துக்கு 200 என்று இப்போதே பிரித்துவிடுங்கள். மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்து வரும் செலவுகள் இவை. முதல் விருந்திலேயே கை தாராளமானால் மிச்சமெல்லாம் கார்டுக்குத்தான் போகும்.

சந்தையில் எதை வாங்குவது என்பதற்கு என் கணக்கு இது: பச்சையாகவோ லேசாக வதக்கியோ சாப்பிடுவதற்குச் சந்தைச் சரக்கு, மணிக்கணக்கில் வேகப்போவதற்குக் கடைச் சரக்கு. தேனில் தொட்டுச் சாப்பிடும் ஆப்பிளின் ருசி நாக்கில் நேராகத் தெரியும். பிரிஸ்கெட்டோடு (மாட்டின் நெஞ்சுக்கறி) நாலு மணி நேரம் வேகும் கேரட் எங்கே விளைந்தது என்று யாருக்கும் தெரியாது. ட்ஸிமெஸ் என்ற இனிப்புக் கூட்டுக்கான கேரட், சர்க்கரைவள்ளி, உலர்ந்த பிளம், பேரீச்சை எல்லாம் சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கட்டும்.

ஆப்பிளிலும் ஹனிகிரிஸ்ப்புக்குத்தான் விலை அதிகம். தேனில் தொட அதில் நாலைந்து போதும். கேக்குக்கு 'செகண்ட்ஸ்' என்று தனிக் கூடையில் விற்கும் அடிபட்ட பழங்களை எடுங்கள். கோஷர் முறையில் இறைச்சி விருந்தோடு பால் பொருள் கூடாது என்பதால் வெண்ணெய் சேராது. எண்ணெயில் செய்யும் ஆப்பிள் கேக்கில் தழும்பு தெரியவா போகிறது?

பீட்ரூட்டை இலையோடு வாங்குங்கள். கிழங்கு சாலட்டுக்கு; இலை, முதல் இரவு நல்ல சகுனமாக வைக்கும் சிமானிம் உணவுத் தட்டுக்கு. வீட்டுக்கு வந்ததும் இலையைத் தனியாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்து இரண்டுமே வாடிவிடும். லீக்ஸை (வெங்காயத்தாள் போன்ற காய்) நீளவாக்கில் பிளந்து அலசுங்கள், மடிப்புக்கு மடிப்பு மணல் இருக்கும்.

மாதுளை இந்தச் சந்தையில் கிடைக்காது. அவரவர் விளைவித்ததைத்தான் அங்கே விற்கலாம், நியூயார்க் பக்கம் மாதுளை விளைவதில்லை. இரண்டாம் இரவு புதுப் பழம் வைக்கும் வழக்கத்துக்கு மாதுளைதான் வேண்டும் என்றில்லை. இந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாத எந்தப் பழமும் சரி. கான்கார்டு திராட்சை வந்திருந்தால் அதையே வையுங்கள். கருநீலத் தோலும் அந்த வாசனையும் மேஜைக்கே ஒரு களை.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் இறைச்சி, வட்ட ஹல்லா ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் கண்ணைப் பறிக்கும். கோஷர் சான்று இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் அவை வீண் செலவு. முழுக் காய், முழுப் பழத்தில் இந்தச் சிக்கல் இல்லை, கீரையில் மட்டும் பூச்சி பார்த்துக்கொள்ளுங்கள். பிரிஸ்கெட் வேகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். கூடவே மற்ற பதார்த்தங்களும் இருப்பதால் ஓர் இரவுக்கு 6, 7 பவுண்டு போதும், அடுத்த இரவு கோழி. கோஷர் கடையில் விலை இறங்கும்போது வாங்கி உறைய வைத்துவிடுங்கள்.

சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி நடக்கிறது. செப்டம்பர் 5 சனிக்கிழமை ஆப்பிள், பீட்ரூட், லீக்ஸ், தேன். 9 புதன்கிழமை திராட்சை, சோளம், தக்காளி, கீரை. சிமானிமுக்கு இலை வாடாமல் வேண்டும் என்றால் பீட்ரூட்டை முன்னதாக வாங்காமல், இலையோடு அன்றே வாங்கலாம். இரண்டு முறைக்கும் பணத்தை எண்ணி ரொக்கமாக எடுத்துப் போங்கள், கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். செப்டம்பர் முதல் பாதி என்பதால் தக்காளியும் சோளமும் இன்னும் மலிவாகவே இருக்கும். சாலட்டை அவற்றை வைத்தே யோசியுங்கள்.

அடுத்த வருடம் ரோஷ் ஹஷானா அக்டோபர் 1 மாலைதான் தொடங்குகிறது. இந்த நவம்பரிலிருந்து செப்டம்பர் வரை மாதம் 100 டாலர் தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். 1,100 டாலர் சேர்ந்துவிடும்: இந்த வருடத்து 900, விலையேற்றத்துக்கு ஒரு 200.