நிறம் பார்ப்பவள் வடிவம் பார்க்க மாட்டேன் என்கிறாளே!

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. சிவப்பு முயல், நீல முயல், சிவப்புப் படகு, நீலப் படகு என்று அட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். நிறம் பார்த்துச் சட்டென்று பிரித்துவிடுகிறாள். "சரி, இப்போது முயலெல்லாம் இங்கே, படகெல்லாம் அங்கே" என்றால் மறுபடியும் நிறத்தின்படியே போடுகிறாள். நாலு தடவை சொல்லிவிட்டேன். பிடிவாதமா, இல்லை புரியவில்லையா?

பதில்: இரண்டுமே இல்லை அம்மா, தயவுசெய்து அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அட்டையைப் போடும் முன் "முயல் எங்கே போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள், சரியான இடத்தைத்தான் காட்டுவாள், ஆனால் அட்டையைக் கையில் கொடுத்ததும் கை பழைய பக்கமே போகும். கிட்டத்தட்ட நீங்கள் செய்த மாதிரியே அட்டைகளை வைத்து பிலிப் செலாசோ என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்து 1996-ல் எழுதினார்கள்: மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் புது விதி தெரிகிறது, வாயால் சொல்லவும் முடிகிறது, ஆனாலும் முதலில் பழகிய விதியை விட முடிவதில்லை. நாலு, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வந்துவிடுகிறது. ஒரே பொருளை "சிவப்பு" என்று பார்த்த மனசு அதையே "முயல்" என்றும் பார்க்க வேண்டும், அதற்கு முதலில் பார்த்ததைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒதுக்கி வைக்கும் திறமைதான் இந்த வயதில் இன்னும் முளைவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். விதியை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லாமல், ஒவ்வொரு அட்டையையும் எடுத்ததும் "இது என்ன?" என்று கேளுங்கள், "முயல்" என்று அவள் வாயாலேயே சொல்லட்டும், அப்புறம் போடட்டும். பல குழந்தைகளுக்கு இது கைகொடுக்கிறது. வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம். அட்டைக்குப் பதில் கையில் பிடிக்கிற சாமான்களாகக் கொடுப்பதும் நல்லது. மூடி, கரண்டி, காலுறை, சாவி என்று எதுவானாலும் சரி, கனம், சொரசொரப்பு, ஓசை எல்லாமே பிரிக்க ஒரு வழிதான், நிறமும் வடிவமும் மட்டுமே இல்லை.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொத்தான்கள் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மூன்று வயதுக்குக் கீழே எல்லாம் வாய்க்குத்தான் போகும். கழிவறைத் தாள் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள். பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையோ குடலையோ துளைக்கக்கூடியவை, பெரிய குழந்தைகள் உள்ள வீட்டிலும் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு வயதுக்குப் பெரிய மூடிகளும் காலுறை ஜோடி சேர்ப்பதும் தாராளமாகப் போதும்.

கேள்வி: பையன் (நாலரை வயது) சம்பந்தமே இல்லாத பொருட்களை ஒன்றாக வைக்கிறான். திருத்தலாமா, அப்படியே விடலாமா?

பதில்: திருத்தும் முன் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி நீலப் பொத்தான் ஒன்று, பெரிய புட்டி மூடி ஒன்று, ஒரு பக்கம் உடைந்த துணிக் கிளிப் ஒன்று, மூன்றையும் ஓரமாக வரிசை வைத்திருந்தாள். நான் நீலப் பொத்தானை எடுத்து மற்றப் பொத்தான்களோடு போடக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "இதுக்கெல்லாம் ஜோடி இல்ல டீச்சர்" என்றாள். திரும்பிப் பார்த்தால் மேசையில் மற்றது எல்லாம் இரண்டிரண்டாகத்தான் இருந்தது, கலைந்து கிடக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் அவள் இருப்பதிலேயே கடினமான வகையைப் பிரித்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து "ஏன் இங்கே வெச்சே?" என்று கேட்காமல் ஒரு பொருளையும் நகர்த்துவதில்லை.

அவன் பதில் சில நேரம் "இது அதோட ஃப்ரெண்ட்" என்று வரும். சில நேரம் பாதியில் விதி மாறும், நிறத்தில் ஆரம்பித்து அளவில் முடிப்பான், இந்த வயதில் அதுவும் சகஜம்தான். தப்பு என்று சொல்வதற்குப் பதில் நீங்கள் ஒரு குவியல் வைத்து "நான் எப்படிப் பிரிச்சேன், கண்டுபிடி" என்று அவனைக் கேளுங்கள், அடுத்த சுற்றில் அவன் பிரிக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். நீங்கள் தவறாகச் சொன்னால் அவன் விளக்கியாக வேண்டும், விளக்கும்போதுதான் தன் விதியில் எது பொருந்தவில்லை என்று அவனுக்கே தெரியும், பெரும்பாலும் அவனே கையை நீட்டி ஒன்றை இடம் மாற்றிவிடுவான்.